பேசாமல் தீராத வழக்கு

2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்குப் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அன்றிலிருந்து அந்நாட்டின் ஆட்சியாளர்களும் தலையங்கம் எழுதுபவர்களும் ஒரே பாட்டைப் பாடி வருகிறார்கள். பிரெக்ஸிட் முடிந்துபோன கதை. மக்களிடம் கேட்டாயிற்று, மக்களும் சொல்லியாயிற்று. இன்னும் புகைந்துகொண்டிருப்பது தோற்றவர்களின் மனத்தாங்கல் மட்டுமே. அதைக் கிளறாமல் விட்டால் காலம் ஆற்றிவிடும். 2024 பொதுத்தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் கூடிப் பேசிவைத்ததுபோல இதைக் கடைப்பிடித்தன. ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ ஆட்களின் தடையற்ற நடமாட்டத்துக்கோ திரும்புவதில்லை என்று தொழிலாளர் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் எழுதியது. அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. பதினான்கு ஆண்டு ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி, தன் ஆட்சிக்காலத்தின் ஆகப் பெரிய செயலை முன்னிறுத்தி வாக்குக் கேட்கத் துணியவில்லை.

இந்தக் கருத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்ப்பவர்கள் அமைதியை விரும்புவது இயல்பு. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, 2016 ஜூன் 16 அன்று, ஜோ காக்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் தம் தொகுதியின் தெருவிலேயே தீவிர வலதுசாரி ஒருவனால் கொல்லப்பட்டார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் வெளியேறும் அறிவிப்பைக் கொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் படங்களை முதல் பக்கத்தில் போட்டு, மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது டெய்லி மெயில். வழக்குத் தொடுத்த ஜினா மில்லர் கயானாவில் இந்திய வம்சாவளியில் பிறந்தவர். அவருக்கு வந்த கொலை மிரட்டல்களுக்கு அளவில்லை. ஒரே மேசையில் உண்டவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இதையெல்லாம் கடந்து வந்த ஒரு சமூகம் போதும் என்று சொன்னால் அதை யாரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் களைத்துப்போனதைத் தீர்ந்துபோனதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதைத்தான் நான் மறுக்கிறேன். கசப்பு தோற்றவர்களிடம் மட்டும் இல்லை. வென்றவர்களிடம் அதைவிட ஆழமாக இருக்கிறது. வாக்கெடுப்பு நாளில் பிறந்து நாளாக நாளாக வற்றிவரும் பழைய கோபமும் அல்ல அது. வாக்கின் பொருள் என்ன, விலை என்ன, அந்த விலையை யார் கொடுப்பது என்ற கேள்விகளுக்கு இன்றுவரை எந்த அரசும் வெளிப்படையாக விடை சொல்லாததால் ஆண்டுக்கு ஆண்டு புதிதாக ஊறிவருகிறது.

முதலில் வென்றவர்களைப் பார்ப்போம். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பாஸ்டன் என்றொரு சிறு நகரம் உண்டு; அமெரிக்கப் பாஸ்டனுக்குப் பெயர் கொடுத்த ஊர். நாட்டிலேயே அதிக அளவாக அங்கே 75.6 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். சுற்றிலும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளையும் தட்டை நிலம். பறிக்கவும் கழுவவும் பொட்டலம் கட்டவும் 2004-க்குப் பிறகு போலந்து, லிதுவேனியா, லாட்வியா நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்போது ஊரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் இப்படி ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்த நாடுகளில் பிறந்தவர். ஏழே ஆண்டில் வந்த மாற்றம் அது. மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் கூடியது, பள்ளியில் இடம் கிடைப்பது கடினமானது, ஒரு வீட்டில் பலர் தங்கியதால் வாடகை ஏறியது என்று ஊர்க்காரர்கள் சொன்னபோது லண்டனில் அதை இனவெறி என்று ஒரே சொல்லில் ஒதுக்கினார்கள். இனவெறியும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊரின் முறையீட்டில் உண்மையும் இருந்தது.

அந்த உண்மைக்கு அரசு செய்தது என்ன? 2004-ல் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்களுக்கு முதல் நாளே கதவைத் திறந்த பழைய உறுப்பு நாடுகள் மூன்றே மூன்று: பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன். மற்ற நாடுகளும் திறந்துவிடும் என்ற அனுமானத்தில், ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர்வரை வரக்கூடும் என்று உள்துறை அமைச்சகத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு மதிப்பிட்டிருந்தது. வந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. இத்தகைய ஊர்களின் மருத்துவமனை, பள்ளிச் செலவுக்கு உதவ கார்டன் பிரவுன் அரசு 2009-ல் ஒரு சிறு நிதியை ஏற்படுத்தியது. மறு ஆண்டே டேவிட் கேமரனின் கூட்டணி அரசு அதை ஒழித்தது. ஆறு ஆண்டு கழித்து அதே கேமரன் அதே மக்களிடம், ஒன்றியத்தில் நீடிக்க வாக்களியுங்கள் என்று கேட்டார். பாஸ்டன் சொன்ன பதிலில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வெளியேறிய பிறகாவது அந்த ஊர் கேட்டது கிடைத்ததா? ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் குறைந்தார்கள்; இந்தியா, நைஜீரியா, பாகிஸ்தான் நாடுகளிலிருந்து வருபவர்கள் பெருகினார்கள். நிகரக் குடியேற்றம் 2023-ல் 9 லட்சத்தைத் தாண்டியது. வாக்கெடுப்பு நடந்த ஆண்டில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். வயல்களுக்கு ஆறு மாத விசாவில் கிர்கிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். போலந்துக்காரர் வேலை பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாம், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், தங்கிவிடலாம். இவர்களுக்கு அந்த உரிமைகள் இல்லை. பண்ணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. குடியேற்றம் குறையும் என்று நம்பி வாக்களித்தவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. 2019-ல் 25,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியைத் தேர்ந்தெடுத்த பாஸ்டன் - ஸ்கெக்னெஸ் தொகுதி, 2024-ல் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் டைஸை அனுப்பியது. நிறைவடைந்த வெற்றியாளர் இப்படி வாக்களிக்கமாட்டார்.

மீனவர்களின் கதை இன்னும் வேதனையானது. வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு தேம்ஸ் நதியில் நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி மீன்பிடிப் படகுகளின் அணிவகுப்பு நடந்தது. எங்கள் கடலைத் திருப்பிக் கொடு என்பது அவர்களின் கோரிக்கை. பிரிட்டிஷ் பொருளாதாரத்தில் மீன்பிடித் தொழிலின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் வெளியேறும் தரப்பு தன் பிரசாரத்தின் முகமாக அந்த மீனவரைத்தான் வைத்தது. 2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முடிவான ஒப்பந்தத்தில், ஐரோப்பியப் படகுகளின் பங்கில் கால் பகுதியை மட்டும், அதுவும் ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாகப் பெற்றுக்கொள்ள பிரிட்டன் சம்மதித்தது. 2026-க்குப் பிறகு முழு உரிமை வரும் என்று சமாதானம் சொன்னார்கள். 2025 மே மாதம் கியர் ஸ்டார்மர் அரசு ஐரோப்பியப் படகுகளுக்கான அனுமதியை 2038 வரை நீட்டித்தது. சிப்பிக்காரர்களுக்கு வேறு ஓர் அடி: 2021 தொடக்கத்திலிருந்து, சுத்திகரிக்கப்படாத உயிருள்ள சிப்பிகளைப் பிரிட்டனின் பெரும்பாலான கடற்பகுதிகளிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமல் போனது. விற்ற சந்தை போயிற்று, கேட்ட கடலும் வரவில்லை. இந்த மனிதரிடம் போய், தோற்றவர்கள்தான் புலம்புகிறார்கள் என்று சொல்ல முடியுமா?

கார்ன்வால் 56.5 சதவீதம் வெளியேற வாக்களித்துவிட்டு, மறுநாளே ஐரோப்பிய நிதிக்கு ஈடான தொகை குறையாது என்ற உறுதியைக் கேட்டது. அதைக் கேலிசெய்து எழுதியவர்கள் பலர். ஏழ்மைப்பட்ட ஒரு பகுதி தனக்கு வரும் பணத்தைக் கேட்பதில் கேலிக்கு என்ன இருக்கிறது? கேலிக்குரியது வேறு. கார்ன்வாலின் ஒரு தொகுதியைச் சேர்ந்தவரும் வெளியேறும் தரப்பின் உறுதியான ஆதரவாளருமான ஜார்ஜ் யூஸ்டிஸ் வேளாண் அமைச்சராக இருந்தபோதுதான் ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. பதவி போன பிறகு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது பிரிட்டனுக்கு அவ்வளவு நல்ல ஒப்பந்தம் அல்ல என்று ஒப்புக்கொண்டார். விவசாயிகளுக்கு அந்த உண்மை அமைச்சர் நாற்காலியில் அவர் இருந்தபோது தேவைப்பட்டது.

2025 ஜனவரியில் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், வெளியேறியது சரி என்று சொன்னவர்கள் 30 சதவீதம். தவறு என்றவர்கள் 55 சதவீதம். அந்த 30-லும் இது வெற்றிகரமாக நடந்தது என்று நினைப்பவர்கள் சிறு பகுதியே. வென்றவர்களில் பெரும்பாலோர் தாங்கள் வென்றதாகவே உணரவில்லை.

அடுத்த வாதத்துக்கு வருகிறேன். 51.9-க்கு 48.1 என்ற குறுகிய முடிவு எந்த நாட்டையும் இரண்டாக்கியே தீரும், இதில் யாரையும் குறைசொல்வதற்கில்லை என்கிறார்கள். நார்வேயைப் பார்க்கச் சொல்வேன். 1994 நவம்பரில் அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதா என்று வாக்கெடுப்பு நடந்தது. 52.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஏறக்குறைய அதே விகிதம். வாக்களித்தவர்கள் பிரிட்டனைவிட அதிகம், பத்தில் ஒன்பது பேர். தலைநகர் ஒரு பக்கம், வடக்கின் மீன்பிடி ஊர்களும் விவசாயிகளும் மறுபக்கம் என்ற பிளவும் அதேதான். சேர வேண்டும் என்று பிரசாரம் செய்து தோற்ற பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் பதவி விலகி ஓடவில்லை; இருந்து ஆண்டார். ஒன்றியத்தில் உறுப்பினராகாமலே ஒற்றைச் சந்தையில் பங்கெடுக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஏற்பாடு அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே நடைமுறையில் இருந்தது. அது அப்படியே தொடர்ந்தது. வேண்டாம் என்றவருக்குக் கடலும் வயலும் மிஞ்சின. வேண்டும் என்றவருக்குச் சந்தை மிஞ்சியது. இரு தரப்பாருக்கும் குறை உண்டு. எரிசக்திச் சட்டங்களை வைத்து 2025-லும் அங்கே ஒரு கூட்டணி அரசு உடைந்தது. ஆனால் முப்பது ஆண்டு கழித்து நார்வேஜியர்கள் ஒருவரையொருவர் 1994-ல் எந்தப் பக்கம் நின்றாய் என்று அளந்து பார்ப்பதில்லை.

பிரிட்டனில் வாக்குச்சீட்டு கேட்டது இருப்பதா, வெளியேறுவதா என்று மட்டுமே. வெளியேறி எங்கே நிற்பது என்று கேட்கவில்லை. பாகம் பிரிப்பது என்று முடிவு செய்துவிட்டு, எந்த வயல் யாருக்கு, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்று எழுதாமல் எழுந்துபோன பஞ்சாயத்து அது. எழுதாத இடத்தைப் பின்னால் வந்தவர்கள் தங்கள் விருப்பத்துக்கு நிரப்பினார்கள். வெளியேறும் தரப்பின் முக்கியக் குரல்களில் ஒருவரான டேனியல் ஹன்னன், ஒற்றைச் சந்தையில் பிரிட்டனின் இடத்துக்கு ஆபத்து விளைவிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை என்று 2015-ல் சொன்னவர். அப்படிச் சொன்ன தரப்பின் வெற்றியை எடுத்துக்கொண்டு பிரதமர் தெரசா மே 2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் ஹவுஸ் உரையில் ஒற்றைச் சந்தையையும் விடுகிறோம், சுங்க ஒன்றியத்தையும் விடுகிறோம் என்று அறிவித்தார். ஒற்றைச் சந்தை பிரசெல்ஸ் பிரிட்டன்மேல் திணித்த ஒன்றல்ல. 1980-களில் மார்கரெட் தாட்சர் முன்னின்று நடத்திய திட்டம். அதன் வரைவைத் தயாரித்தவர் அவர் அனுப்பிய ஆணையர் காக்ஃபீல்டு. அதைத் தூக்கியெறிய 52 சதவீதம் பேரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஏனெனில் யாரும் கேட்கவில்லை. லங்காஸ்டர் ஹவுஸ் உரைக்கு மூன்று மாதம் முன்பு கட்சி மாநாட்டில் மே, உலகக் குடிமக்கள் என்று தங்களை நினைப்பவர்கள் எந்த இடத்துக்கும் குடிமக்கள் அல்ல என்று பேசியிருந்தார். 1 கோடியே 61 லட்சம் பேர் மறுபக்கம் வாக்களித்திருந்தார்கள். பிரதமர் அவர்களுக்கும் பிரதமர்.

மறுபக்கத்தின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். மேயின் வெளியேற்ற ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. நவீன பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றில் ஓர் அரசு கண்ட மிகப் பெரிய தோல்வி. அதன்பிறகு உறுப்பினர்களே மாற்று வழிகளை முன்வைத்து வாக்களித்தார்கள். ஏப்ரல் 1 அன்று, வெளியேறினாலும் சுங்க ஒன்றியத்தில் நீடிப்பது என்ற தீர்மானம் 273-க்கு 276 என்று மூன்றே வாக்கில் தோற்றது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியினர் வாக்களிக்கவில்லை. லிபரல் டெமாக்ரட்டுகளில் பலரும் ஆதரிக்கவில்லை. மறுவாக்கெடுப்பு நடத்தி முழுமையாகத் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில், கையெட்டும் தூரத்தில் இருந்த சமரசத்தை உதறினார்கள். ஒன்றியத்தை நேசித்தவர்கள் அன்று கொஞ்சம் தணிந்திருந்தால் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான கடலில் சுங்கச் சோதனை பெருமளவு குறைந்திருக்கும். அந்த மூன்று வாக்குகளை அவர்கள் இன்றும் பேசுவதில்லை. அதுவும் மௌனத்தின் ஒரு பங்குதான்.

யார் வாக்களித்தார்கள் என்பதில் தமிழர்களுக்கு நேராகச் சம்பந்தமுள்ள ஒரு செய்தி இருக்கிறது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் சட்டப்படி வசித்தால் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவர் தவிர வேறு எவருக்கும் வாக்கில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சிதறிய குடும்பங்களில் ஒருவர் லண்டனுக்கும் ஒருவர் நெதர்லாந்துக்கும் ஒருவர் டென்மார்க்குக்கும் போனதும், ஐரோப்பியக் குடியுரிமை பெற்றபின் பிள்ளைகளின் படிப்புக்காகவும் உறவுகளுக்காகவும் பலர் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் அறிந்ததே. இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் இருந்த தம்பிக்கு வாக்கு உண்டு. டச்சுக் குடிமகனாக லண்டனுக்கு வந்து பல காலம் வரி கட்டிய அண்ணனுக்கு வாக்கு இல்லை. அண்ணனின் வாழ்வுரிமையைப் பற்றிய வாக்கெடுப்பு அது. பிறகு அந்த அண்ணன் தான் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ விண்ணப்பம் போட்டு அனுமதி பெற வேண்டியிருந்தது. இப்படி ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கேட்கப்படாமலே தீர்ப்புக்கு ஆளானவரிடம், தோற்றவர் தோல்வியை ஏற்க வேண்டும் என்று சொல்வது பொருந்தாது. அவர் போட்டியிலேயே இல்லை.

பிரிட்டனில் வாழும் ஆசிய வம்சாவளியினரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெளியேற வாக்களித்தார்கள். ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிட விசாவுக்கு அலைய வேண்டும், ருமேனியாக்காரர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வரலாம், இது என்ன நீதி என்ற ஆதங்கம் அவர்களிடம் இருந்தது. அதைப் புரிந்துகொள்கிறேன். வெளியேறிய பிறகு இந்தியர்களுக்கு விசா கூடியதே, நமக்கு நல்லதுதானே நடந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலைக்கான விசா 2022-ல் திறந்தது. 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிய ஆள் எடுப்பதே நின்றது. போலந்துக்காரர்மேல் இருந்த கோபம் போலந்துக்காரர் போனதும் போய்விடவில்லை. 2024 ஆகஸ்டில் அகதிகள் தங்கிய விடுதிகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் தாக்கியபோது, மாநிறத் தோல்காரர் பலர் வெளியே போக அஞ்சி வீட்டுக்குள் இருந்தார்கள். ஒரு ஊரின் குறையைத் தீர்க்காமல் அந்தக் குறைக்கு வேறு முகத்தைக் காட்டிக்கொடுத்தால் நடப்பது இதுதான்.

வட அயர்லாந்தில் இந்தச் சேதம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏறக்குறைய 3,500 உயிர்களைக் கொண்டுபோன மோதலை 1998 புனித வெள்ளி ஒப்பந்தம் முடித்துவைத்தது. அயர்லாந்துக் குடியரசுடனான 500 கிலோமீட்டர் எல்லையில் காவல் கோபுரங்கள் இறங்கின. 200-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலை தடையின்றிக் கடக்கிறது. தன்னை ஐரிஷ்காரராக நினைப்பவரும் பிரிட்டிஷ்காரராக நினைப்பவரும் அருகருகே வாழ அந்தத் திறந்த எல்லை இடம் கொடுத்தது. இரு நாடும் ஒரே சந்தையில் இருந்ததால் அது முடிந்தது. வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தார்கள். வாக்கெடுப்புப் பிரசாரத்தில் லண்டன் இதை எவ்வளவு குறைவாகப் பேசியது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சந்தையை விட்டால் எங்கேனும் ஒரு சோதனைக்கோடு வந்தே தீரும். நிலத்தில் வைத்தால் ஐரிஷ் தேசியவாதிகள் ஏற்கமாட்டார்கள். கடலில் வைத்தால் பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் ஏற்கமாட்டார்கள். போரிஸ் ஜான்சன் 2018 நவம்பரில் பெல்ஃபாஸ்டில் யூனியனிஸ்டுகளின் மாநாட்டுக்கே போய், கடலில் கோடு வைப்பதை எந்த கன்சர்வேட்டிவ் அரசும் ஏற்காது, ஏற்கவும் கூடாது என்று பேசினார். ஓராண்டுக்குள் பிரதமராகி அதையே ஏற்றார். 2019 நவம்பரில் வட அயர்லாந்து வணிகர்களிடம், யாராவது படிவம் நிரப்பச் சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள், குப்பையில் போடச் சொல்கிறேன் என்றார். 2021 ஜனவரியில் லார்ன் துறைமுகத்தில் படிவங்களும் வந்தன, சோதனையும் வந்தது. ஏப்ரலில் யூனியனிஸ்ட் குடியிருப்புகளில் இளைஞர்கள் பேருந்தை எரித்தார்கள். 2022 பிப்ரவரியில் யூனியனிஸ்டுகளின் டியூபி கட்சி தன் முதலமைச்சரை விலக்கிக்கொண்டது. இரண்டு ஆண்டு அந்தப் பகுதிக்கு அரசே இல்லை. 2024 ஜனவரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் செவிலியர்களும் ஊழியர்களும் சம்பள உயர்வுக்காக ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தார்கள்; பேச்சு நடத்த அமைச்சர் இல்லை. இங்கே தேசியவாதிகள் தங்கள் விருப்பத்துக்கு மாறாக வெளியே இழுக்கப்பட்டார்கள்; வெளியேற ஆதரவளித்த யூனியனிஸ்டுகள் தங்கள் பிரதமராலேயே கைவிடப்பட்டார்கள். இதில் வென்றவர் யார் என்று யாராவது காட்டட்டும்.

பிளவு எப்போதும் இருந்தது, வாக்கெடுப்பு அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான் என்று ஒரு வாதம் உண்டு. நிலைக்காத வாதம். 2016-க்கு முந்தைய ஆண்டுகளில், நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டால் ஐரோப்பிய ஒன்றியம் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் சாரா ஹோபோல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் வாக்கெடுப்புக்குப் பிறகு எடுத்த ஆய்வில், இருக்க விரும்பியவர், வெளியேற விரும்பியவர் என்ற அடையாளம் கட்சி வேறுபாடுகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு புதிதாகப் பிறந்ததையும், மறுதரப்பைச் சுயநலக்காரர், மூடர் என்று கருதும் மனப்பாங்கு அதோடு சேர்ந்து வளர்ந்ததையும் காட்டினார்கள். உருவாக்கப்பட்ட பிளவு அது.

அதை உருவாக்கியதில் படித்தவர்களின் இளக்காரத்துக்கும் பங்கு உண்டு. வெளியேறும் தரப்பு தன் பிரசாரப் பேருந்தில் எழுதிய 35 கோடி பவுண்டு பொய்யை நம்பி ஏமாந்த முட்டாள்கள் என்று 1 கோடியே 74 லட்சம் பேரை எழுதித் தள்ளியவர்கள், அந்த மக்களை ஃபராஜின் வாசலுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தத் தொகை பொய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அரசின் புள்ளிவிவர ஆணையமே அதைக் கண்டித்தது. ஆனால் மருத்துவமனைக்குப் பணம் வரும் என்று ஆசைப்பட்டவரின் ஆசை பொய்யல்ல. ஆசையைக் காட்டி வாக்கு வாங்கியவர்களை விட்டுவிட்டு, ஆசைப்பட்டவரைத் திட்டுவது கோழைத்தனம்.

கடைசியாக, இதை மறுபடி திறந்தால் ஃபராஜுக்குத்தான் லாபம், அதனால் பேசாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்ற வாதம். தொழிலாளர் கட்சிக்குள் இதுவே வேதவாக்கு. பேசாமல் இருந்ததன் பலனைப் பார்க்கலாம். 2024-ல் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீத வாக்கும் ஐந்து இடங்களும் கிடைத்தன. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் அதே கட்சி 677 இடங்களையும் பத்து மன்றங்களையும் கைப்பற்றியது. லிங்கன்ஷயரின் மேயர் பதவியும் அவர்களிடமே போயிற்று. நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்பது அரசின் சொந்த நிதிப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. அந்த இழப்பை எந்தப் பிரதமரும் மக்களிடம் ஊர் ஊராகப் போய் விளக்காததால், மருத்துவமனையில் இடமில்லை, சம்பளம் ஏறவில்லை, காரணம் படகில் வந்த அகதி என்று ஃபராஜ் விளக்குகிறார். விளக்கம் சொல்பவர் அவர் ஒருவர்தான்.

இராக் போருக்குப் பிரிட்டன் ஒரு விசாரணை நடத்தியது. 2009-ல் தொடங்கிய சில்காட் குழு ஏழு ஆண்டு உழைத்து 12 தொகுதிகளில் அறிக்கை கொடுத்தது. அது வெளிவந்தது 2016 ஜூலை 6, பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்து இரண்டே வாரத்தில். பிழையான உளவுத்தகவல், திட்டமில்லாத பின்விளைவு, எச்சரிக்கைகளைப் புறக்கணித்த பிரதமர் என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதியது. பிரெக்ஸிட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. நாடாளுமன்றத்தில் இதைக் கவனித்துவந்த குழு 2021 ஜனவரியில் கலைக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுப் பொது விசாரணை கேட்டார்கள். 2023 ஏப்ரலில் அது பிரதான அவையில் அல்ல, வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் பக்க அவையில் விவாதத்துக்கு வந்தது. விசாரணைக்கு அவசியமில்லை என்று அரசு மறுத்துவிட்டது.

அவசியம் இருக்கிறது. மீண்டும் சேர்வதா என்பதை அந்த விசாரணை முடிவுசெய்ய வேண்டியதில்லை. 2010-ல் பாஸ்டன் போன்ற ஊர்களுக்கான நிதியை ஏன் ஒழித்தீர்கள், 2016-ல் அரசு இயந்திரம் ஏன் வெளியேறுவதற்கான திட்டம் எதையும் தயாரிக்கவில்லை, லங்காஸ்டர் ஹவுஸில் சொன்னதை எந்த அதிகாரத்தில் சொன்னீர்கள், கடலில் வைக்கும் சோதனைக்கோடு பற்றி யார் யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தீர்கள், சுங்க ஒன்றியத்தை மூன்று வாக்கில் ஏன் தோற்கவிட்டீர்கள் என்று கேமரனையும் மேயையும் ஜான்சனையும் மறுதரப்புத் தலைவர்களையும் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் கேட்க வேண்டும். அமர்வுகளை லண்டனில் நடத்தக் கூடாது. பாஸ்டனில், கார்ன்வாலின் நியூலின் மீன்துறையில், லார்னில் நடத்த வேண்டும். வாக்குரிமை இல்லாமலே வாழ்வுரிமையை விண்ணப்பித்துப் பெற்றவர்களையும் முதல் வாரத்திலேயே அழைத்துக் கேட்க வேண்டும்.